தேசம்மாளின் ஒரு பிடி

முகத்துவாரக்குப்பத்துத் தேசம்மாள் இருபது வருடம் கூடை சுமந்து கருவாடு விற்றவள். முழங்கால் தேய்ந்து நடை நின்றபின், மகள் நித்யாவின் போனில், ஆன்லைன் விற்பனைச் செயலி ஒன்றில் கடை போட்டாள். ஆறே மாதத்தில், தான் கேள்விப்படாத ஊர்களுக்கெல்லாம் நெத்திலி அனுப்பினாள்.

ஒருநாள் செயலிக்காரர்கள் அந்தக் கடையை ஒரு வாரத்துக்கு முடக்கிவிட்டார்கள். கடையில் எழுதிய எடையைவிடப் பார்சல்கள் எல்லாமே கூடுதலாம்; அனுப்பும் கூலிக் கணக்கு உதைக்கிறதாம்.

“இன்னாமா, அரைக் கிலோவுக்கு மேல போட்டுகினு கீறியா?”

“கொசுறு போடாம எப்டிடீ குடுக்கறது?”

நித்யா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “இத்தோட வுட்டுடலாம்மா.”

வாங்க ஆளில்லை என்று தெரிந்தும், தேசம்மாள் அந்த ஏழு நாளும் விடிந்ததும் மீனை அலசி வலையில் பரப்பினாள். அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் படியாமல் மேலே துணி கட்டினாள்.

எட்டாம் நாள் கடை திறந்தது. அரைக் கிலோ நிறுத்தவள், வழக்கம்போல ஒரு பிடி அள்ளி மேலே போட்டாள். தராசு ஐந்நூற்றைம்பது கிராம் காட்டியது.

“அம்மா.”

“எழுதுனதுதான் தப்பு, போட்டது தப்பில்ல. ஐந்நூத்தி அம்பதுன்னு மாத்து.”

“வெல?”

“அரைக் கிலோவுக்குத்தான்.”