சுவருக்கு இந்தப் பக்கம் உடற்பயிற்சி

என் வீட்டுக்காரர் என்னை அடித்து நொறுக்குகிறார் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் அத்தனை வீடும் சில வாரங்கள் நம்பியிருந்தன. அந்த நல்ல மனிதர் செய்த குற்றம், எனக்காகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

எல்லாம் கிளினிக்கில் தொடங்கியது. நுவரெலியா டவுனில் ஒரு துணிக்கடையில் நான் கேஷியர். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போய், பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து, மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பி வருவேன். சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது, எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொன்னார். மலையில் இருக்கிறவர்களுக்கு எப்படி எடை கூடுகிறது என்று ஆச்சரியமும் பட்டார். மலையைப் பார்த்தாலே எடை குறையும் என்றால் நாங்கள் எல்லோரும் காற்றில் பறந்திருப்போம்.

டவுனில் ஜிம் உண்டு. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் தங்கள் புஜத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வீடியோ போதும் என்று வந்துவிட்டேன்.

வீடியோவில் வந்த பெண்ணுக்குக் கடலோரத்தில் வீடு. சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டு கையையும் விரித்து, சுற்றிலும் இடம் இருக்கிறதா பாருங்கள் என்றாள். விரித்தேன். ஒரு கை அலுமாரியில் இடித்தது, மற்றது சாமிப் படத்தில். டம்பெல் இல்லாதவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கலாம் என்று பெரிய மனதோடு அனுமதித்தாள். நான் கோதுமை மா பைக்கற்றைத் தூக்கினேன். தூக்கி முடித்ததும் அதையே ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிட்டேன். காலையில் என்னென்னவோ பழங்களை அரைத்துக் குடிக்கச் சொன்னாள். எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைப்பது வெங்காய வாடை அடிக்கும் லீக்ஸ். ஒரே ஒரு நாள் அதை அரைத்துக் குடித்தேன். அதோடு சாப்பாட்டு விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஊர் சிரிக்கக் கூடாதே என்று கதவைச் சாத்தி, ஜன்னலில் சேலையைக் கட்டினேன். லயத்தில் கதவைச் சாத்துவதைப் போல வீண் வேலை வேறு கிடையாது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே இருக்கும் இடைவெளி வழியாகத் தாளிக்கிற வாசனை, இருமல், சீரியல் எல்லாம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். எடை குறைகிற ஆசையில் மறந்துபோனேன்.

சிக்னல் கிடைக்கும் மூலையில் வீட்டுக்காரர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்பார். அவர் நானுஓயா ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியதில் ஆங்கிலம் ஓரளவு புரியும். அவள் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வது அவர் பொறுப்பு.

"குனி. இன்னும் நல்லா குனி. கீழ படு. எந்திரி. எந்திரிங்கிறேன்ல."

"முடியலங்க. போதும், விட்டுருங்க."

"விடமாட்டேன். இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு."

பிறகு நான் தொம் தொம்மென்று குதிக்கிற சத்தம். அதற்குப் பிறகு என் முனகல்.

இந்த இடத்தில் எங்கள் லயத்தின் நாகரிகத்தைச் சொல்லியாக வேண்டும். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நாங்கள் தலையிடமாட்டோம். அடி விழுகிற சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்போம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சம்பள நாள் வந்தால் அடி விழும். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவரை, சாராயக் கடையிலிருந்து வருகிற அவர் புருஷன் போட்டு அடிப்பார். அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் சீரியல் அலறும். எங்கள் வீட்டிலும்தான்.

நான் குதிக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் மாலையில் டிவிகள் அலறின. இந்த ஜனங்களுக்குச் சீரியல் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எடை குறைந்தது. ப்ளவுஸ் தொளதொளத்தது. யாராவது பொறாமையோடு "மெலிஞ்சிட்டீங்களே" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கத்தான் செய்தார்கள், இழவு வீட்டில் கேட்கிற குரலில். தொடை வலியோடு நொண்டி நொண்டிப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், வரிசையில் நின்ற பெண்கள் வழி விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தைலப் போத்தலை என் கையில் வைத்து அழுத்தினார்.

"படுக்கிறப்ப பூசுங்க தங்கச்சி. கொஞ்சம் எரியும். ஆனா காலையில எந்திரிக்க முடியும்."

உடற்பயிற்சி வலி பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் வந்து வாசலில் நின்றார். குடும்பச் சண்டை என்றால் பொலிசுக்கு முன்னால் அவர்தான். கூடவே அக்கா. அவர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். பின்னால் நாலைந்து ஆண்கள், அதில் அக்காவின் புருஷனும் இருந்தார். முதலில் வாயைத் திறந்தவரும் அவரேதான்.

"பொம்பள மேல கை நீட்டுறது பாவம் தம்பி. எதுன்னாலும் வாயால பேசித் தீத்துக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முழி பிதுங்கி நின்றார்.

"நான் என்னாங்க செஞ்சேன். இவ குனிய மாட்டேங்கிறா, அதான் கொஞ்சம் சத்தம் போட்டேன்."

இந்த வாக்குமூலம் அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. நான் ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு விளங்கியது. பிறகு லயமே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, "இத நமக்கும் அனுப்பி வைங்க" என்றார். எல்லோரும் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வீட்டுக்கும் கேட்ட சத்தத்துக்கு எழுந்து போனவர் அக்கா ஒருவர்தான். அவருக்காக இத்தனை வருடத்தில் ஒருவரும் தலைவரிடம் போனதில்லை.

அடுத்த சம்பள நாள் மாலை, சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்றது. இந்த முறை யாரும் டிவியைக் கூட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு குரல் சுவர்களைத் தாண்டி வந்தது.

"அங்கயும் வீடியோ ஆரம்பிச்சாச்சு டோய்."

லயம் சிரித்தது. மறுநாள் பீலியடியில், வீங்கிய கன்னத்தோடு நின்ற அக்காவைப் பெண்கள் கேலி செய்தார்கள். "ஆமா, வீடியோ பாத்துத்தான் குதிச்சேன். அலுமாரியில இடிச்சுக்கிட்டேன்" என்று அவரும் கூடச் சிரித்தார். அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதில் டோர்ச் அடிக்கலாம், வீடியோ பார்க்க முடியாது. அங்கே குடத்தோடு நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளுக்கு இதுவரை டிவி சத்தம்தான் திரை. நான் இடுப்பைக் குறைக்கப் போய், அதைவிட நல்ல திரையாக ஒன்றை இலவசமாகக் கொடுத்திருந்தேன்.

அடுத்த முறை சத்தம் கேட்டபோது நான் பயிற்சியின் நடுவில் இருந்தேன். மா பைக்கற்றைக் கீழே வைத்துவிட்டு, வேர்த்து வழிந்தபடியே போய் அவர்கள் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரரும் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, அக்கா எந்த வீடியோ செய்யிறாங்கன்னு பாக்க வந்தேன். கதவ தொறங்க."

உள்ளே சத்தம் நின்றது.

"நாளைக்கு வாங்க தங்கச்சி" என்றார் அக்காவின் புருஷன், கதவைத் திறக்காமலே.

"இன்னைக்கே பாக்கணும். தலைவருக்கும் அனுப்பணும். அவரு கேட்டிருக்காரு."

லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் பேசினேன். ஒவ்வொரு டிவியாக நின்றது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைசியில் அந்தக் கதவும் திறந்தது. அக்கா தன் புருஷனைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் தடுக்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைக் கூட்டி வந்து என் பாயில் உட்கார வைத்தேன். கைப்பேசியில் அந்தக் கடலோரப் பெண் இன்னும் குதித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் அதை அணைத்துவிட்டு வெளியே போனார். அலுமாரி மேல் அக்கா கொடுத்த தைலம் பாதி மிச்சம் இருந்தது. எடுத்து வந்தேன். அவர் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் எரியும்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றார்.