சித்தப்பாவுக்குக் கம்பீரம் வந்த நாள்

என் சித்தப்பா ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் ராஜா வேஷத்தில் நிற்பவர். தலைப்பாகை, ஜரிகைக் கோட்டு, ஒட்டுமீசை. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து, லிஃப்ட் வரை அழைத்துப் போக வேண்டும். அந்த வேலை அவருக்கு உயிர். யாரைப் பார்த்தாலும் சிரித்துவிடுவார். சிரித்தால் மீசை விழும்.

புது மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. "ராஜாவா நீங்க? பல்பொடி விளம்பரம் மாதிரி இளிக்கிறீங்க. சனிக்கிழமைக்குள்ள ஒரு கம்பீரம் வரணும். இல்லன்னா சலவை ரூமுக்குப் போயிடுங்க."

சித்தப்பா நேராக என்னிடம் வந்தார். "நம்ம குடும்பத்துலயே காலேஜ் படிச்சவன் நீதான்டா. கம்பீரம்னா என்ன?"

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். வடமொழியிலிருந்து வந்த சொல். முதலில் ஆழம் என்றுதான் பொருள்: ஆழமான நீர், ஆழமான குரல். அரசர்களின் தோரணைக்கு அது வந்தது பிறகுதான்.

"ஆழமா?" என்றாள் சித்தி. "அப்ப தண்ணித் தொட்டியில இறங்கி நிக்கச் சொல்லு."

சித்தப்பா சிரிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துப் பேசுவது என்று முடிவு செய்து, மூன்று நாள் கண்ணாடி முன் பழகினார்.

இந்த யோசனை என்னால் வந்தது என்ற பயத்தில், சனிக்கிழமை நானும் போய் லிஃப்ட் பக்கத்து சோபாவில் உட்கார்ந்தேன். மேனேஜர் வாசலில் நின்றார். ஓர் அம்மாள் காரிலிருந்து இறங்கினார். சித்தப்பா மூச்சை நன்றாக இழுத்தார். "வாருங்கள்!"

டர்ர்ர்.

கோட்டின் முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்பு வரை விட்டுப்போனது. உள்ளே ஓட்டை பனியன். நான் மட்டும்தான் பார்த்தேன். திரும்பி நடந்தால் மேனேஜரும் பார்ப்பார்.

சித்தப்பா திரும்பவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தபடியே, ஒரு கையை நீட்டி, அடிமேல் அடி வைத்துப் பின்பக்கமாகவே நடந்தார். பயத்தில் சிரிப்பு வரவில்லை. மீசையும் விழவில்லை. லிஃப்ட் வந்ததும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மேனேஜர் கைதட்டினார். "விருந்தாளிக்கு முதுகைக் காட்டாம போனீங்க பாருங்க! இதுதான்யா கம்பீரம்! இனிமே தினமும் இப்படித்தான்."

வேலை தப்பியது. சித்தி கோட்டை இரட்டை நூலில் தைத்துக் கொடுத்தாள். ஆனாலும் பின்பக்கமாக நடப்பது நிற்கவில்லை. நேற்று குதிகாலில் பூந்தொட்டி இடித்து, நொண்டிக்கொண்டே வந்தார்.

"டேய் பட்டதாரி, பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க அந்தப் புத்தகத்துல ஏதாவது வழி போட்டிருக்கா, பாரேன்."