சித்தி வீட்டு ரேடியேட்டர்

மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டு மின்விசிறிக்கு ஓய்வே கிடையாது. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் ஒரு வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் சித்தியால் வந்தது. அம்மாவுக்கு ஒரே தங்கை. அவர்களுடைய தாயார் தவறிய பிறகு அம்மாதான் வளர்த்து, நர்சிங் படிக்க வைத்து, கிள்ளானிலேயே ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். சித்தி மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். அம்மா வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குக்கூட வரவில்லை. அதோடு பேச்சும் நின்றுபோனது. சித்தி அப்பாவுக்குத்தான் வீடியோ கால் போடுவார். போன் அடித்ததும் அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கோ இரண்டு பேரும் வேண்டும். என்றைக்குத்தான் பேசிக்கொள்வார்களோ என்று தவித்துக் கிடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி கம்பளித் தொப்பியோடு திரையில் வந்தார்.

"அத்தான், ஹீட்டர் சரியா வேலை செய்யல. வாடகைக்கு விட்ட வீட்டு ஓனரு ஊர்ல இல்லயாம். குளிர் தாங்கல லா."

அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். ஹீட்டர் எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "எல்லாத்தையும் காட்டுமா, பாத்துருவோம்" என்றார். சித்தி போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதுதான் பாய்லர். அது தண்ணீரைச் சுட வைக்கிறது. பம்ப் ஒன்று அந்தத் தண்ணீரைக் குழாய்களில் தள்ளுகிறது. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே பட்டையாக ஓர் இரும்புத் தகடு. சுடுதண்ணீர் அதற்குள் ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய் மறுபடி பாய்லருக்கே திரும்புகிறது. எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஹாலில் இருந்த ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம்.

"அட, இது ரேடியேட்டர்தானே!" என்று அப்பா துள்ளினார். "நம்ம லோரியில இருக்கறது சூட்டை வெளிய தள்ளுது, இது வீட்டுக்குள்ள தள்ளுது. அவ்ளோதான்!"

"தொட்டுப் பாத்தேன் அத்தான். கீழ சூடா இருக்கு, மேல ஜில்லுன்னு இருக்கு."

அப்பா யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "உள்ள காத்து அடைச்சிருக்கும். அதான் தண்ணி மேல ஏறலன்னு சொல்லு."

தண்ணீர் வெட்டு முடிந்து எங்கள் வீட்டுக் குழாய் இருமிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. சொல்லு என்றால் யாரிடம்? நடுவில் நின்ற என்னிடம்தான் அந்த உத்தரவு. சித்திக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது. இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "சரின்னு அம்மாகிட்ட சொல்லு குட்டி" என்றார்.

ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சின்னத் திருகாணி ஒன்று இருந்தது. அதற்கான சாவியும் ஜன்னலோரமே கிடந்தது. சித்தி போனைச் சாய்த்து வைத்துவிட்டு மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. அப்பா கைதட்டினார். கைதட்டி முடிப்பதற்குள் தண்ணீர் சீறி அடித்தது. சித்தி சாவியைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

"கை வெந்துரும்டி! மூடு, மூடு!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்து போனுக்கு முன்னால் நின்றார்.

"மூடிட்டேன்க்கா" என்றார் சித்தி.

அப்புறம் ஹீட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை! அப்பா என்னை வெளியே இழுத்துப் போய், கேட்காமலே சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜி, பிசாங் கோரேங், வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த ஹீட்டர் படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா! ஒரு ஞாயிறு பாய்லரில் தண்ணீர் அழுத்தம் இறங்கிவிடும். மறு ஞாயிறு பம்ப் முனகும். அம்மா பாத்திரம் கழுவுவதைக்கூட அப்படியே போட்டுவிட்டு நெடுநேரம் விசாரிப்பார். எனக்கும் அது தலைகீழ்ப் பாடம் ஆகிவிட்டது. பள்ளியில் வீடு வரையச் சொன்னபோது ஜன்னலுக்கு ஜன்னல் ரேடியேட்டர் வரைந்து வைத்தேன். "கிள்ளான் வெயிலுக்கு இது எதுக்குமா?" என்று டீச்சர் கேட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு. "இன்னிக்கும் மக்கர் பண்ணுதுக்கா, ஒரே குளிரு" என்றார் சித்தி. பார்த்தால், கையில்லாத பனியன் போட்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை வழிகிறது.

"பொய்யி! சித்திக்கு வேர்க்குது பாருங்க! ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

அம்மா மேசைக்கு அடியில் என் தொடையை நறுக்கென்று கிள்ளினார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்படியாடி? சரி, மொதல்லேர்ந்து சொல்லு. பாய்லர் பத்திக்குதா?"

உண்மையைச் சொன்னவளுக்கு இந்த வீட்டில் கிள்ளுதான் மிச்சம் என்று, தொடையைத் தேய்த்தபடி அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.