தொட்டியில் ஓடிய ரோஜா சிராப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கை ஒட்டிய பிறை நகரில் ஓர் எஃகு ஆலையில் வேலை பார்த்தேன். பார்த்தேன் என்பதே சரி. செய்தேன் என்றால் கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

உலையில் உருகிய எஃகு ஒரு நீளத் தொட்டியில் விழுந்து, அதன் அடித்துளை வழியாக அச்சுக்குள் இறங்கி, உறைந்தபடியே நிற்காமல் வெளியே வரும். தொட்டிக்குள் சற்று நேரம் சுற்றினால் அழுக்கு மேலே மிதந்துவிடும். நேரே துளைக்கு ஓடினால் அழுக்கும் கூடவே போகும். எட்டிப் பார்க்கலாம் என்றால் புருவம் மிஞ்சாது. ஆகவே அதே வடிவத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி செய்து, எஃகுக்குப் பதில் தண்ணீர் விடுவோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். சாயம் ஊற்றினால் வழி தெரியும்.

நேர்முகத்தில், “இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு” என்று அளந்துவிட்டிருந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். கடைசி வெள்ளிக்கிழமை மேனேஜருக்குச் செய்துகாட்ட வேண்டும். பிசகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வியாழனன்று சாயம் தீர்ந்துபோனது. கேண்டீனில், தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ரோஜா சிராப் போத்தல் இருந்தது. அதுவும் சிவப்புதானே?

மறுநாள் மேனேஜர் முன்னால் ஊற்றினேன். சிவப்பு தொபுக்கென்று அடியில் இறங்கி, தரையோடு தரையாகத் துளைக்கு ஓடியது.

“பாத்தீங்களா சார்! நேரா ஓடுது. நடுவுல செங்கல் சுவர் வச்சே ஆகணும்.”

“கெட்டிக்காரன்,” என்றார் மேனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் பாராட்டாதவர். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

அப்போது, வாளியோடு நின்ற ஆய்வுக்கூடத்து அக்கா என் காதருகே குனிந்தார். நிபோங் திபாலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

“தம்பி, சிராப்பக் கலக்காம ஊத்துனா அடியிலதான்லா போய் ஒக்காரும். கல்யாண வீட்ல சிராப் கலக்கக் கரண்டியே புடிச்சதில்லயா நீ?”

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். யோசித்தேன், வெட்கப்படும் அளவுக்கு யோசித்தேன். ஆனால் அந்த வீண் சுவரைக் கட்டப்போகிறவர்கள் தினமும் என்னோடு ரொட்டி சானாய் தின்பவர்கள்.

“சார்... அது எஃகு போற வழி இல்ல. சிராப் போற வழி.”

“குடிக்கிற சிராப்பையோ தம்பி ஊத்தினனீர்?”

தலையாட்டினேன். அதற்குள் அக்கா வாளித் தண்ணீரில் சிராப்பை நீர்க்கக் கலக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். இம்முறை சிவப்பு அடியில் விழவில்லை. மேலே எழும்பி, சுற்றி வந்து, ஒரு மூலையில் போய்ச் சுருண்டு நின்றுவிட்டது. எஃகு அப்படித் தேங்கினால் அங்கேயே ஆறி இறுகிவிடும். நான் கேட்ட சுவரைக் கட்டியிருந்தால் அந்தத் தேக்கம் இன்னும் பெருத்திருக்கும்.

மேனேஜர் பேனாவை மூடினார். “இன்னும் மூண்டு மாசம் பாப்பம்.”

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார். “வேலைய விட்டுத் தூக்கலையே, சந்தோசப்படு. இனிமே ஊத்தறதுக்கு முன்னால என்னைக் கேளு.”

கேட்டேன். மூன்று மாதமும் தொட்டியின் இருபுறமும் ஆளுக்கொரு முக்காலி போட்டு, சிவப்பு எந்த மூலைக்குப் போகும் என்று பந்தயம் கட்டுவோம். எப்போதும் அக்காதான் ஜெயிப்பார். பிறகு வேலை நிரந்தரமானது, கணினியும் வந்தது, ஓட்டமெல்லாம் திரைக்குப் போனது. ஆனால் வேலை நிச்சயமில்லாத அந்த மூன்று மாதத்தில் சிரித்த அளவுக்கு, நிரந்தரமான பிறகு நான் அந்த ஆலையில் சிரிக்கவே இல்லை.