ஆறாம் நாள் கையொப்பம்

கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளன்று தலையெண்ணுவார்கள். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற விவரம் அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வகுப்பே இல்லை என்று எழுதிவிடுவார்கள். வகுப்பு இல்லையென்றால் ஆசிரியர் பணியிடமும் இல்லை. திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் தமிழ் வழி ஒன்றாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். அது போனால் வெளியேற வேண்டியவள் எங்களில் கடைசியாகச் சேர்ந்த டீச்சர். தென்காசிக்காரி. கணவன் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிறான்.

எப்போதும் தாளில் போகும் விவரத்தை அந்த வருடம் இணையத்தில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. தலைமையாசிரியை டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும். அதற்குப் பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் கொடுத்திருந்தார்கள். அதைச் செருகினால் மட்டும் போதாது, பிரவுசரில் ஒரு பிளக்-இன் நிறுவ வேண்டும். பள்ளியில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நான். கணக்கு டீச்சருக்குக் கம்ப்யூட்டரும் வரும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். எனக்கு வரும். அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

எங்கள் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். கட்டற்ற மென்பொருளே நம் பெருமை என்று கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவைக்க வந்தவர் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டுப் பொன்னாடையோடு போனார். அந்தப் பெருமை இந்த இணையதளத்தைச் செய்தவர்களின் காதுக்கு எட்டவில்லை. பிளக்-இன் பொத்தானை அமுக்கினால் விண்டோஸுக்கான கோப்பு இறங்கியது. கூடவே பன்னிரண்டு பக்கத்தில் ஓர் உதவிக் குறிப்பு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்புக்குறி. அம்பு காட்டிய பொத்தான் ஒன்றுகூட எங்கள் திரையில் கிடையாது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவன் பேசினான். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரே, விண்டோஸ் சிஸ்டத்தில் செய்தால் மதி. லினக்ஸில் ஞங்கள் நோக்கிட்டில்ல."

விண்டோஸில் செய்தால் போதுமாம், லினக்ஸில் போட்டுப் பார்க்கவே இல்லையாம். மாநிலத்துப் பள்ளிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பள்ளிகளுக்கு ஒரு தளம் செய்திருக்கிறார்கள். இவர்களுக்குக் கண்ணாடிக் கட்டடமும் குளிர்சாதனமும் ஒரு கேடா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. தளத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் லினக்ஸுக்கும் ஒரு கோப்பு இருப்பதை நானே கண்டுபிடித்தேன். அது தெரியாதவன்தான் உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கிறான்.

தலைமையாசிரியை அரைமணிக்கு ஒருமுறை வாசலில் நின்று "ஆச்சா டீச்சர்?" என்பார். குக்கர் விசில் எண்ணுகிறவர் மாதிரி கேட்டுவிட்டுப் போய்விடுவார். டோக்கனை மட்டும் என்னை நம்பி மேஜையில் விட்டுவைத்தது பெரிய மனசு.

பதினொன்றரைக்குத் தென்காசி டீச்சர் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், நான் லிஸ்ட்டைக் கையால எழுதி, ஹெச்.எம். கிட்ட ஒப்பு வாங்கி, ஆபீஸ்ல கொண்டு கொடுத்துரட்டா? எனக்கு ரெண்டு பீரியட் ஃப்ரீதான்."

"இது எந்தக் காலம்? உத்தரவுல ஆன்லைன்னு போட்டிருக்கு. பேப்பரைக் கொண்டுபோனா மொகத்துல எறிவான்."

அவள் திரும்பிப் போனாள். இந்தத் தாளும் சீலும் பிடித்த கூட்டம் என்றைக்குத் திருந்தப் போகிறது என்று நினைத்தபடி திரைக்குத் திரும்பினேன்.

கோப்பை நிறுவினேன். வெற்றி என்றது. பிரவுசரைத் திறந்தால் 'பிளக்-இன் காணவில்லை' என்றது. அழித்து மறுபடி நிறுவினேன். மறுபடி வெற்றி, மறுபடி காணவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. இரண்டரை மணிக்குத்தான் விஷயம் பிடிபட்டது. எங்கள் லினக்ஸில் பிரவுசரைப் பாதுகாப்புக்காகத் தனிக் கூண்டில் அடைத்து வைத்திருந்தார்கள். கூண்டுக்கு வெளியே நிறுவிய எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கூண்டில்லாத பிரவுசர் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கினேன். இறங்குவதற்கே ஒரு மணி நேரம். பள்ளி இணையத்தின் லட்சணம் அது.

நாலு இருபதுக்குத் திரையில் பச்சை டிக் வந்தது. தலைமையாசிரியையைக் கூப்பிட்டேன். ரகசிய எண்ணை ஒற்றை விரலால் குத்தினார். கையொப்பம் விழுந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கழக்கூட்டத்து மேதைகளால் ஆகாததை ஒரு கணக்கு டீச்சர் செய்துவிட்டாள்.

அடுத்த பக்கம் திறந்தது. 'இதை அச்செடுத்து, பேனாவால் கையொப்பமிட்டு, பள்ளி முத்திரையுடன் இன்று ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கவும். தவறினால் பதிவு செல்லாது.'

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். தலைமையாசிரியை கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். அலுவலகம் போக அந்த நேரத்து நெரிசலில் ஒரு மணி நேரமாகும். பிரிண்டரைப் போட ஓடினேன்.

அப்போதுதான் தென்காசி டீச்சர் உள்ளே வந்தாள். சேலை வியர்வையில் நனைந்திருந்தது. அலுவலக முத்திரை குத்திய ரசீதை என் முன்னால் வைத்தாள். தலைமையாசிரியையிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு மதியமே பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அவரும் அதை என்னிடம் மூச்சுவிடவில்லை.

"அங்க எல்லா ஸ்கூல்காரங்களும் பேப்பரோட வரிசையில நிக்காங்க டீச்சர். மூணு மணிக்கே வாங்கிட்டாங்க. அந்த சைட்டை அங்க ஒருத்தரும் திறக்கக்கூட இல்ல. கம்ப்யூட்டர்ல வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, பேப்பர் கிட்டினா மதின்னுட்டாங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாம்லா? நாள் பூரா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு தடவை போட்டேன். நீங்க கட் பண்ணினீங்க."

போனைப் பார்த்தேன். இரண்டு அழைப்புகள் இருந்தன. பிரவுசர் இறங்கிக்கொண்டிருந்தபோது இவள் வேறு தொந்தரவு என்று நான்தான் துண்டித்திருக்கிறேன்.

"உங்களுக்காகத்தானே போராடுனேன்?" என்றேன்.

அவள் ரசீதை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் சொன்னது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. போகப்போவது அவள் வேலை என்பது பன்னிரண்டு மணிக்குப் பிறகு எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.