ஆறாம் பாகத்தை மூன்றாவதாகப் படித்தவன்

தொண்ணூறுகளின் நடுவில், பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே விமர்சகனாகவும் ஆகிவிட ஆசைப்பட்டேன். கோவையில் சிறுபத்திரிகை நடத்திய ஒரு பேராசிரியர், முதல் கட்டுரை நன்றாக அமைந்தால் மாதம் ஒரு பக்கம் எனக்கே என்றிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் எடுத்துக்கொண்டது மாதம் ஒன்றாக ஆறு பாகம் வந்த ஒரு காமிக்ஸ் தொடர். இருட்டும் மழையுமான நகரம். ஒரு கதவைத் திறந்தால் அதே நகரம், வேறு உலகம். எல்லா உலகத்திலும் ஒரே துப்பறிவாளர், ஒரே நனைந்த கோட்டு. கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப் அருகே லெண்டிங் லைப்ரரி நடத்திய அக்கா, ஆறையும் ஒன்றாக பைண்டிங் செய்து வைத்திருந்தார். அட்டைகளைக் கிழித்துவிட்டுத்தான் பைண்டிங் செய்வார்கள். எது எத்தனையாம் பாகம் என்று உள்ளே ஒரு குறிப்பும் இருக்காது.

புத்தகத்தின் நடுவில் துப்பறிவாளர் சுடப்பட்டுச் செத்துப்போகிறார். அடுத்த பக்கத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் காப்பி குடிக்கிறார்! சொக்கிப்போனேன். செத்தவர் ஓர் உலகத்தவர், காப்பி குடிப்பவர் இன்னோர் உலகத்தவர்; இதை விளக்காமலே விட என்ன துணிச்சல் வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு அளந்துவிட்டேன்.

கட்டுரை வந்த வாரமே மேட்டுப்பாளையத்து வாசகர் ஒருவரின் தபால் கார்டு வந்தது. உங்கள் விமர்சகர் ஆறாம் பாகத்தை மூன்றாவதாகப் படித்திருக்கிறார், அந்தச் சாவுதான் கதையின் முடிவு என்று எழுதியிருந்தார். பேராசிரியர் கார்டை நீட்டி, "மன்னிப்பு எழுதிக் குடுங்க, பக்கத்த அப்பறம் பாக்கலாம்" என்றார். என் மானம் கப்பலேறியது.

சண்டை போடுவதென்றே அக்காவிடம் போனேன். "ஏனுங்க்கா, பைண்டர் இப்படிக் குளறுபடி செஞ்சுபோட்டாரே, பாக்க மாட்டீங்களா?"

"அவரு என்னங்க தம்பி பண்ணுவாரு? நாந்தான் அப்படி அடுக்கிக் குடுத்தேன்" என்றார் சாதாரணமாக. "ஆறு மாசம், மாசம் ஒருக்கா வந்துட்டுப் போன மனுசனுங்க. கடைசியில செத்துக் கெடக்கறதப் பாக்க மனசு வரலீங்க. நடுவால செத்தா, அப்பறம் எந்திரிச்சு வந்துருவாரில்லீங்க?"

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த ஆள் செத்ததற்கு நான் துளிகூட வருந்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

மன்னிப்பில் சரியான வரிசையை எழுதினேன். அவர் சாக வேண்டாம் என்று நினைப்பவர்கள் கிணத்துக்கடவுக்கு வரலாம் என்றும் சேர்த்தேன். பேராசிரியர் அதை அப்படியே போட்டார். மாதப் பக்கத்தை மேட்டுப்பாளையத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் அக்கா ஒரு சேதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் ரெண்டு பஸ் மாறி வந்து, "அந்தாளு சாகாத புஸ்தகம் இருக்குங்களா?" என்று கேட்டாராம். எந்த ஊர் என்றதற்கு, மேட்டுப்பாளையம் என்றாராம்.