மனையியல் படிக்காத நஸ்ரின்

சிலாபத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நான் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். பின்னேரம் நான்கு பெண்கள் வருவதாக இருந்தது.

"மாமி, நஸ்ரின் மௌத்தாகிட்டாங்க" என்றார் அவரோடு வேலை செய்த தாதி. நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம்.

நஸ்ரின் என் அண்ணனின் மகள்; அண்ணனை நாங்கள் நானா என்போம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக் கரைத்தீவுக்கு நாங்கள் வந்தபோது அவர் கைக்குழந்தை. வளர்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மனிதப் பாலியல் படித்தார். உடல், மனம், சட்டம், கற்பித்தல் எல்லாம் சேர்ந்த படிப்பு அது. கூடப் படித்த ஒருவர் பாடநூல் எழுதுகிறார். இன்னொருவர் புற்றுநோயிலிருந்து மீண்ட தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்கிறார். நஸ்ரின் ஊருக்குத் திரும்பிச் சிலாபத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் ஆலோசகரானார்.

நானா ஊருக்குப் பயந்து, மகள் மனையியல் படித்ததாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் வட்டிலப்பத்தின் பதம் பார்க்க நஸ்ரினைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. அந்தப் பொய்யை நான் முதல் நாளே எதிர்த்தேன்.

நஸ்ரின் சிரித்தார். "இருக்கட்டும் மாமி. சமையல் பழகப் போறன் எண்டா எந்த மாப்பிள்ள மறிப்பாரு? நீங்க குசினியப் பாருங்க, நான் அறையப் பார்க்கிறன்."

அப்படியே நடந்தது. கல்யாணம் முடித்த நாள்முதல் வலியை வெளியே சொல்லாதவர், பிள்ளையில்லை என்று ஏச்சுக் கேட்டவர், எல்லோரும் பின்னேரம் நஸ்ரின் வேலை முடிந்து திரும்பும் நேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு நஸ்ரின் அவர்களுடைய கதையைக் கேட்டார். போகும்போது சாட்சிக்கு ஆளுக்கொரு கிண்ணம் வட்டிலப்பம். செய்தது நான். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்த நான் அவருடைய தமிழ்க் குறிப்புகளையும் வாசித்தேன். வெட்கப்பட அவற்றில் ஒன்றுமில்லை.

அடக்கத்துக்குப் பள்ளிவாசலில் சொன்ன ஜனாஸா அறிவித்தலில் அவரை 'மனையியல் டீச்சர்' என்றார்கள். நானாவிடம் போனேன்.

"மையித்துக்கு மேலயும் பொய்யா நானா?"

"ஊர் கதைக்கும் தங்கச்சி."

"கதைக்கட்டும். அவ செஞ்ச தொழிலச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பெண்கள் எங்கள் கிண்ணங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் கணவரோடு வந்திருந்தார். நானாவின் முன்னால் நின்று கணவரிடம் சொன்னார்: "நான் இங்க சமையல் பழக வரல்ல. நஸ்ரின் ராத்தாக்கிட்ட மருந்துக்குத்தான் வந்தன். நம்மட விசயத்துக்கு."

அந்த மனிதர் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார். "எனக்கு எப்பவோ தெரியும். நாலு வருசம் பழகியும் ஒன்ட கையால ஒரு வட்டிலப்பம் வரல்லியே."

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானா தலையைக் குனிந்துகொண்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்: நஸ்ரின், பாலியல் நல ஆலோசகர். கிண்ணங்களைக் கழுவி மேசையில் அடுக்கிவிட்டேன், மகள். மொத்தம் இருபத்தாறு கிண்ணம். இனி அவற்றை நிரப்ப வேண்டிய தேவையில்லை. நிம்மதியாக உறங்குங்கள்.